ஜூடியின் பெட்டியும் மோலியின் கூடும்

நான் வேலை பார்க்கும் வீட்டில் இரவு ஒன்பது மணியானால் ஒரு நாய் தானாக எழுந்து போய்க் கம்பிக் கூட்டுக்குள் படுத்துக்கொள்ளும். யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம், எலும்பைக் காட்டி ஏய்க்க வேண்டாம். எலன் அம்மாள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு "பெட், மோலி" என்று படுக்கச் சொல்வார். மோலி ஒரு கொட்டாவி விட்டு, உள்ளே நடந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்குள் செருகிக்கொள்ளும். அம்மாள் குனிந்து கொக்கியை மாட்டுவார். காலையில் அந்தக் கொக்கியை எடுத்த பிறகுதான் அதற்கு விடியும். இங்கே இதற்கு 'கிரேட்' என்று பெயர். நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே கிரேட்டும் கடையிலிருந்து வந்துவிடுகிறது. குட்டி அதிலேயே தூங்கிப் பழகி, பெரிய நாயான பிறகும் அதிலேயே தூங்குகிறது. டொரன்டோவுக்கு வந்த புதிதில் பனியையும் நிலத்துக்கடியில் ஓடும் ரயிலையும் பார்த்து வாய் பிளந்ததைவிட இதைப் பார்த்துத்தான் நான் அதிகம் நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசைக்கு என்னைக் காரில் ஏற்றிப் போக வரும் செல்வி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் சீக்கிரமாக வந்தவர் மோலி கூட்டுக்குள் இருப்பதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டார். "ஐயோ, வாயில்லாச் சீவனை மறியல்ல போட்ட மாதிரியெல்லோ வைச்சிருக்கினம்! உமக்குப் பாக்கப் பாவமாத் தெரியேல்லையோ?" என்றார். மறியல் என்றால் அவர் பேச்சில் சிறை. "இல்லக்கா, அது அதுக்குப் புடிச்ச எடம்" என்றேன். என் பேச்சைக் கேட்டு அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "நீர் எவடம்?" "நோர்வூட்டுக்கு மேலங்க." "ஓ... தோட்டமோ?" அந்த 'ஓ' எவ்வளவு நீளம் என்று இலங்கையின் தேயிலை மலையகத்திலிருந்து வெளியே போன எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் கேட்டிருக்கிறேன், விமான நிலையத்தில் கேட்டிருக்கிறேன், இப்போது கனடாவிலும் கேட்டாயிற்று. அன்று நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் இருந்துவிட்டேன். இருந்தது தப்பு.

நான் இங்கே வந்த கதை சின்னது. எங்கள் மலையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வேலையாக வந்திருந்த டேவிட் என்னும் இன்ஜினியர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் ஊர் திரும்பியபோது என்னையும் கூட்டி வந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, கணவரைப் பறிகொடுத்துத் தனியாக இருந்த டேவிட்டின் அம்மா எலனிடம் வந்து சேர்ந்தேன். குளிர் எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உறைபனி விழுந்த விடியலில், வெறுங்காலோடு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடியவள் நான். இங்கே காலுக்குச் சப்பாத்தும் வீட்டுக்குள் சூடும் இருக்கின்றன. குளிர் என்னிடம் வாலாட்ட முடியாது.

இந்த ஆண்டு வசந்தத்தில் எலன் அம்மாள் வீட்டை விற்றார். மாடிப்படி ஏற முழங்கால் விடாமல், கீழே கூடத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துவந்தார். ஒரே ஒரு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்தார்கள். டேவிட் நாடா பிடித்து அளந்துவிட்டு வந்து, படுக்கையறையில் கூட்டை வைத்தால் கட்டிலுக்கு இடமில்லை, கூடத்தில் வைத்தால் வாசல் கதவு திறக்காது என்றார். "கூட்டை விட்டுவிடுவோம் அம்மா. மோலி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும்." சொல்ல எளிதாகத்தான் இருந்தது. அன்றிரவே கூட்டை மடித்துக் கார் நிறுத்தும் அறையில் வைத்தார்கள். காலையில் நான் இறங்கி வந்தபோது கம்பளத்தில் ஈரம், நாற்காலிக் கால் ஒன்றில் பல் தடம். கூடு இருந்த மூலையைப் பார்த்தபடி மோலி நின்றுகொண்டிருந்தது. படுத்ததற்கான அடையாளமே எங்கும் இல்லை. எலன் அம்மாளின் கண்ணும் சிவந்திருந்தது. மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் கூட்டைத் திரும்பவும் கொண்டுவந்து விரித்ததும் மோலி அதற்குள் விழுந்து மத்தியானம் வரை தூங்கியது.

"நீங்கள் வீடு மாறும்போது மோலி என்னிடம் வரட்டும் அம்மா. எங்கள் வீட்டில் கூட்டுக்கு இடம் இருக்கிறது" என்றார் டேவிட். அவர் நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். எலன் அம்மாள் மோலியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நாயைக் கோட்டுக்குள் வைத்துக் குட்டியாகக் கொண்டுவந்தவர் அவர் கணவர். அவர் போன பிறகு அந்த வீட்டில் அம்மாள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் மோலியிடம்தான். என்னிடம் பேசுவதெல்லாம் ரொட்டி, பால், மருந்து. எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஆறு வாரம் கொடுங்கள். நான் பழக்குகிறேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி பேசியிருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"உங்கள் ஊரிலும் நாய்க்குக் கிரேட் உண்டா?" என்று எலன் அம்மாள் கேட்டார். "உண்டு. தேயிலைப் பெட்டி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, தேநீர்ப் பைகள் வைத்திருக்கும் தகர டப்பாவை எடுத்து வந்து, குழப்பத்தோடு நீட்டினார். "இதற்குள்ளா?" அதன் மூடியில் சிலோன் என்று எழுதி, கூடையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், அந்தப் படத்துக்காரிக்கு அட்டைக்கடி தெரியாது. நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, இடுப்புவரை கையை உயர்த்தி, இவ்வளவு பெரிய பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டை, அதில்தான் எங்கள் மலையை விட்டுத் தேயிலை கப்பலேறும் என்று சொன்னேன். அம்மாள் டப்பாவையும் என் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் டப்பாவுக்குள்ளேயே விளைவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவர் மனசில் பதிந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெட்டியின் கதையை உங்களுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில், அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது, எங்கள் வெள்ளைக்காரத் தொரை மூட்டை கட்டினார். என் அப்பா பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். தொரை போகிற அன்று அப்பாவைக் கூப்பிட்டு, தொரைசாணி வளர்த்த ஜூடி என்னும் நாயைக் கயிற்றோடு கையில் கொடுத்தார். கூடவே அது படுக்கும் தேயிலைப் பெட்டியையும் கொடுத்தார். சிறுத்தை வந்து நாய் தூக்குகிற மலை அது. அதனால் தொரைசாணி ஜூடியைக் குட்டியிலிருந்தே ராத்திரிக்குப் பெட்டிக்குள் விட்டுக் கம்பிக் கதவைச் சாத்தி வளர்த்திருந்தார். உள்ளே வெள்ளைக் கம்பளித் துண்டு ஒன்று மெத்தையாகக் கிடந்தது.

அப்பா அந்த ஊர்வலத்தோடு லயத்துக்கு வந்தபோது வாசலெல்லாம் கூட்டம். லயம் என்பது ஒட்டிக் கட்டிய அறைகளின் வரிசை, அதில் எங்கள் அறையான காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதில் அப்பா, அம்மா, அத்தை, இரண்டு தம்பிகள், நான். அடுப்பும் அதற்குள்தான். அப்பா எல்லாரையும் பார்த்து, "இம்புட்டு நாளா இத உள்ள வச்சுப் பூட்டிட்டாய்ங்க. இன்னைலேருந்து இது நம்ம புள்ள. பூட்டும் இல்ல, பொட்டியும் இல்ல!" என்று சொல்லிக் கோடரியை எடுத்து நாலே போடில் பெட்டியை உடைத்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பலகைகள் அன்றே சட்டி வைக்கும் தட்டாயின. கம்பளித் துண்டு நல்ல துண்டு, நாய்க்குப் போட மனசு வருமா? அம்மா அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துச் சின்னத் தம்பிக்குப் போர்த்திவிட்டார். பூட்டிக் கிடப்பதென்றால் என்னவென்று தெரிந்த சனங்கள் நாங்கள். தோட்டத்தை விட்டு நினைத்தபோது போக முடியாமல் இரண்டு தலைமுறை கிடந்தவர்கள். பூட்டை உடைத்தால் நாய் துள்ளும் என்று வேறு எப்படி நினைப்போம்?

ஜூடி துள்ளவில்லை. மறுநாள் காலையில் இஸ்தோப்பில் கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது. காம்பரா வாசலில் ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன முன்தாழ்வாரத்தைத்தான் நாங்கள் இஸ்தோப்பு என்போம். நாய் பங்களாவின் பின்பக்கம், தன் பெட்டி இருந்த சிமெந்துத் தரையில், பெட்டியின் அளவுக்கே உடம்பைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தது. அப்பா கூட்டி வந்தார். அது திரும்பிப் போயிற்று. மறுபடியும் கூட்டி வந்தார், மறுபடியும் போயிற்று. புதிதாக வந்த சிங்களத் தொரை ஜன்னல் வழியாகப் பார்த்து, "பல்லாவ கெனியன்ன" என்றார். நாயைக் கொண்டு போ என்று அர்த்தம். பங்களாவைக் காவல் காக்கும் வாச்சர் அப்பாவிடம் அதைவிட மோசமான செய்தி சொன்னார். "அந்தோணி, நேத்து தண்ணித்தொட்டிக்கிட்ட சிறுத்த காலடி கெடந்துச்சு. இன்னும் ரெண்டு நாளு இது இங்கன படுத்துச்சுன்னா, மூணாம் நாளு கழுத்துப்பட்டதான் மிச்சம்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மாதான் சொன்னார், "என்னாங்க, நீங்க அத செயிலுன்னு நெனச்சீங்க. அதுக்கு அதுதாங்க காம்பரா. நம்ம காம்பராவ ஒருத்தன் வந்து கோடரியால போட்டா நமக்கு எப்புடி இருக்கும்?" தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் அப்பா பேச மாட்டார், வேலை செய்வார். ஸ்டோர் என்னும் தேயிலை ஆலைக்குப் போய், அங்கே பொறுப்பாக இருக்கும் டீமேக்கரிடம் கெஞ்சி, மூலை நசுங்கிய பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பழைய பெட்டியின் கம்பிக் கதவை அதற்கு மாட்டினார். அம்மா வேறு வேலை செய்தார். சாயங்காலம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த கையோடு பங்களாவின் பின்பக்கம் போய், இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து விரித்து, ஜூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டித் துண்டைப் பிய்த்து ஒன்று தனக்கு, ஒன்று அதற்கு. மாவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாள் கடத்திய காலம். லயத்தில் சிரித்தார்கள், "தொர வீட்டு நாயிக்கு ரொட்டி, நம்மளுக்குக் கெழங்கு" என்று. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் ஜூடி படங்கின் ஓரத்தில் தாடையை வைத்தது. மூன்றாம் நாள் அதன் மேல் ஏறிப் படுத்தது. அம்மா எழுந்து, படங்கின் ஒரு முனையைப் பிடித்துத் தரையில் இழுத்தபடி பங்களாப் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். நாய் மூக்கைப் படங்கில் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களெல்லாம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் அம்மா அன்று நடந்த நடையை எந்தத் தொரைசாணியும் நடந்திருக்க மாட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இஸ்தோப்பில் இருந்த புதுப் பெட்டிக்குள் படங்கைப் போட்டதும் ஜூடி நுழைந்து படுத்தது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. பெட்டியை உள்ளே வைத்தால் இரண்டு பேர் வெளியே படுக்க வேண்டும். வெளியே வைத்தால் சிறுத்தை. அப்பா கம்பளியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்தார். "சிறுத்த வந்தா மொதல்ல ஒங்களத்தான் தூக்கும்" என்று அத்தை அழுதார். "தூக்கட்டும், பொட்டிய ஒடச்சது நான்தானே" என்றார் அப்பா. பிறகு ஆரம்பித்தது அந்த வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவை மட்டும் கழற்றினார். அடுத்த ஞாயிறு மேல் பலகை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு பக்கப் பலகையில் பாதி. நாலே போடில் உடைத்த மனுஷன், ஆணிக்கு வலிக்குமோ என்பதுபோல் மெதுவாகக் கழற்றினார். கடைசியில் பெட்டி போய்ப் படங்கு மட்டும் கிடந்தது. அதை ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சாண் வாசற்படி பக்கம் நகர்த்தினார் அம்மா. தென்மேற்குக் காற்று தொடங்கி மழை இஸ்தோப்புக்குள் அடித்த வாரத்தில், படங்கு வாசல் நிலையைத் தாண்டி அம்மாவின் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது. காலையில் கண் விழித்தபோது ஜூடி உள்ளே, அப்பாவும் உள்ளே. இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள்.

இதைத்தான் டொரன்டோவில் செய்தேன். முதல் வாரம் கம்பிக் கதவைக் கழற்றி எடுத்தேன். மோலி எப்போதும்போல் உள்ளே போய்ப் படுத்தது. காலையில் பார்த்தால், இல்லாத கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, யாராவது வந்து திறந்து விடுவார்களென்று காத்திருந்தது. எலன் அம்மாள் குனிந்து காற்றில் கொக்கியை எடுப்பதுபோல் கையை அசைத்தார், மோலி வெளியே வந்தது. எங்கள் இருவருக்கும் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டாம் வாரம் மேல்பக்கக் கம்பித் தட்டியை எடுத்தேன். அம்மாளுக்கு அவசரம். அன்றே மோலியைக் கொஞ்சிக் கெஞ்சித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். அது மரியாதைக்கு ஐந்து நிமிடம் இருந்துவிட்டுக் கூட்டுக்கே திரும்பிவிட்டது. மறுநாள் அம்மாள் என்னிடம், "அவளுக்கு என்னைவிடக் கம்பிதான் பிடித்திருக்கிறது" என்றார்.

நான் கையைத் துணியில் துடைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அதுவரை நான் அப்படி உட்கார்ந்ததில்லை. "அது கம்பி இல்லை, அவளுடைய வீடு. உங்களுக்கு வீடு மாற ஆறு வாரம் வேண்டியிருக்கிறது. அவளை மட்டும் ஒரே ராத்திரியில் மாறச் சொல்கிறீர்கள்" என்றேன். அம்மாள் பெட்டிகளாக அடுக்கி வைத்திருந்த தன் சாமான்களைச் சுற்றிப் பார்த்தார். "உனக்கு இங்கே மாற எவ்வளவு நாள் ஆயிற்று?" என்று கேட்டார். மோலிக்கு மெத்தையாகப் போட ஏதாவது வேண்டும், உங்கள் வாசம் உள்ளதாக, துவைக்காததாக என்று மட்டும் கேட்டேன். அவர் கட்டிலுக்குப் போய்க் கணவரின் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் போன நாளிலிருந்து துவைக்காமல் வைத்திருந்தாராம். "நானும் இதைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குகிறேன்" என்று சொல்லிக் கொடுத்தார்.

அதன் பிறகு தடங்கல் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு பக்கம், நான்காம் வாரம் மறுபக்கம், ஐந்தாம் வாரம் பின்பக்கம். கடைசியில் அடித்தட்டும் போய், சட்டை மட்டும் தரையில் கிடந்தது. அதைத் தினமும் ஒரு சாண் நகர்த்தினேன். எலன் அம்மாள் அடிக்கோல் வைத்து அளந்து தாளில் குறிக்க, நான் சாணால் அளந்தேன். ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை காலையில் அம்மாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டை, சட்டை மேல் மோலி, மோலியின் முதுகில் அம்மாளின் கை. இரண்டு பேரும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தார்கள். வீடு மாற்ற வந்த டேவிட் அந்த மூலை காலியாக இருப்பதைப் பார்த்து, "எங்கே கற்றாய் இதை?" என்று கேட்டார். "எங்கள் லயத்தில், என் அம்மாவும் அப்பாவும் செய்தார்கள்" என்றேன். எங்கள் மலையில் அத்தனை வருஷம் இருந்தவர், லயத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அன்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிறு செல்வி அக்காவின் காரில் ஏறியதும் நானே கதையை ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "உதெல்லாம் எங்க படிச்சனீர்?" என்றார். "தோட்டத்துலங்கக்கா. நோர்வூட்டுக்கு மேல" என்றேன், பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். இந்தத் தடவை 'ஓ' வரவில்லை. "உம்மட அம்மா கெட்டிக்காரிதான்" என்றார். எனக்கு அது போதும்.

எலன் அம்மாளின் புது வீட்டில் எனக்குத் தங்க இடமில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்து, காலையில் நடந்து போய் வருகிறேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கே எனக்கு ஓர் அறை, ஒரு கதவு, ஒரு சாவி. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன கட்டில் ஒன்றும் உண்டு, மூன்று பேர் கைகாலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் காலையில் விரிப்பைச் சரிசெய்யப் போனால், சுவரோரம் ஒரு முழ அகலம் மட்டும் கசங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் தேய்த்த மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அது அத்தை படுக்கும் இடம், தம்பிகள் படுக்கும் இடம், அம்மாவின் கால்மாட்டில் ஜூடி படுக்கும் இடம். ஒருவரையும் இடிக்காமல் படுக்க என் உடம்பு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வெட்கமில்லை. போன வாரம் தலையணையை ஒரு சாண் நடுப்பக்கம் தள்ளி வைத்துப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தலையணையும் நானும் சுவரோரம் திரும்பி வந்திருந்தோம். இன்றைக்கு அரைச் சாண் தள்ளி வைக்கப் போகிறேன்.